அழுக்கு வேஷம்

வெள்ளை நாயை அழுக்கு நாயாக்குவது பார்க்கிறவர்கள் நினைப்பதுபோல் லேசான வேலை இல்லை. சேற்றைப் பூசினால் காய்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கரியைத் தேய்த்தால் பிறகு என்ன கழுவினாலும் சாம்பல் நிறம் தங்கிவிடும். நெட்டையன் பலதையும் பூசிப் பார்த்துவிட்டுக் கடைசியில் தேயிலைச் சக்கைக்கு வந்து சேர்ந்திருந்தான். டீ வடிகட்டிய சக்கையைத் தண்ணீரில் ஊறவைத்து, கொஞ்சம் செங்கல் தூளைக் குழைத்து, முதுகில் தொடங்கி வால் நுனிவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். காதுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வயிற்றுப் பக்கம் லேசாகத் தடவினால் போதும், அங்கே யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை.

இந்த வேலை நடப்பது வீட்டுக்குப் பின்னால், பாதியில் நின்றுபோன ஒரு கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில். பஞ்சு என்கிற அந்த நாய் அதற்கு ஒரு தொந்தரவும் கொடுப்பதில்லை. முடிவெட்டும் கடை நாற்காலியில் உட்கார்ந்த பெரிய மனிதர் மாதிரி கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் காட்டும். பூச்சு முடிந்ததும் நெட்டையன் அதன் கழுத்திலிருந்து சிவப்புத் தோல் பட்டையைக் கழற்றி, சங்கிலியோடு சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வான். பட்டை இருந்த இடத்தில் பிரிபிரியாகப் போன ஒரு பழைய கயிற்றைக் கட்டுவான். ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி உள்ளே போன நாய், குப்பைத்தொட்டியில் பிறந்து வளர்ந்ததுபோல் வெளியே வரும். அதைப் பார்க்கையில் அவனுக்கே சிரிப்பு வரும்.

நெட்டையன் பஞ்சு வளர்கிற பங்களாவின் தோட்டக்காரன். நாயை நடக்கக் கூட்டிப்போவது தோட்ட வேலையோடு வந்து ஒட்டிக்கொண்ட வேலை. கொடிக்கம்பம் மாதிரி ஒரு மனுஷன், அவன் முழங்காலைக்கூட எட்டாத ஒரு நாய். தெருவில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. அவன் மனைவி அதே வீட்டில் சமையல். கார் கொட்டகைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில் இருவரும் குடியிருந்தார்கள். ஆக, வேலைக்கு ஒரு கேடு வந்தால் இரண்டு சம்பளமும் தலைக்கு மேலிருந்த கூரையும் சேர்ந்தே போகும். நெட்டையன் அதை மறந்து ஒரு நாளும் தூங்கியதில்லை.

அந்த வட்டாரத்தில் கொஞ்ச காலமாக நாய்கள் திருட்டுப் போய்க்கொண்டிருந்தன. சாதாரண நாய்கள் இல்லை, விலை கொடுத்து வாங்கிய நாய்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருவார்கள், பின்னால் இருப்பவன் குனிந்து அள்ளுவான், அவ்வளவுதான். முனை வீட்டு நாய் போனதை நெட்டையன் கண்ணாலேயே பார்த்தான். அதைக் கூட்டிவந்த வேலைக்கார அம்மாள் சங்கிலியை விடாமல் பிடித்துக்கொண்டு சாலையில் கொஞ்ச தூரம் இழுபட்டாள். முழங்கையிலிருந்து ரத்தம் கொட்டியது. மறுநாள் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இன்ன நேரத்துக்கு இன்ன வழியாக நாய் வரும் என்று திருடனுக்கு எப்படித் தெரியும், இவள்தான் துப்புக் கொடுத்திருப்பாள் என்று பேச்சு. கையில் கட்டோடு அவள் பஸ் நிறுத்தத்தில் துணிமூட்டையுடன் உட்கார்ந்திருந்ததை நெட்டையன் பார்த்தான்.

அன்று சாயங்காலமே முதலாளியம்மா அவனைக் கூப்பிட்டுக் கட்டளைகளை அடுக்கினாள். ஒரே வழியில் தினமும் போகக் கூடாது. நாயின் பெயரை யாருக்கும் சொல்லக் கூடாது. யாராவது கொஞ்ச வந்தால் ஒதுங்கிப் போய்விட வேண்டும். கடை வாசலில் கட்டிவிட்டு உள்ளே போகவே கூடாது. எல்லாவற்றுக்கும் அவன் தலையாட்டினான். கெட்ட மனுஷி இல்லை அவள். குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது. கடைசியில் சொன்னதையும் மெதுவாகத்தான் சொன்னாள்.

"பஞ்சு எனக்குப் புள்ள மாதிரி. அது போச்சுன்னா அப்புறம் நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்கறது சரியா வராது, பாத்துக்கோ."

நெட்டையனுக்கு உயரம்தான் உண்டே தவிர சண்டை சச்சரவு என்றால் தொடை நடுங்கும். மோட்டார் சைக்கிள்காரர்களை மல்லுக்கட்டி விரட்டுவது தன்னால் ஆகாது என்று அவனுக்குத் தெரியும். சரி, திருடன் எதைத் திருடுவான்? விலை போகிறதைத் திருடுவான். விலை போகாததுபோல் காட்டிவிட்டால்? தோட்டத்துக் குழாயடியில் உட்கார்ந்து யோசித்தபோது இது பளிச்சென்று தோன்றியது. இவ்வளவு சுலபமான விஷயம் படித்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லையே என்று ஆச்சரியப்பட்டான்.

மனைவியிடம் சொன்னபோது அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செய்யுங்க. பின்னாடி தலைவலி வேணாம்."

சொல்லத்தான் நினைத்தான். ஆனால் நாய்மேல் ஒரு காய்ந்த இலை ஒட்டியிருந்தால்கூட முகம் சுளிக்கிறவளிடம் போய், உங்கள் பிள்ளைக்கு டீச் சக்கை பூசப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான். நாளைக்கு என்பது நாளைக்கே இருந்துகொண்டிருந்தது. நடை முடிந்து பின்வாசல் வழியாக வந்ததும் தோட்டத்துக் குழாயில் நாயைக் குளிப்பாட்டி, துவட்டி, சீவி, பட்டையைப் போட்டு உள்ளே அனுப்பிவிடுவான். முதலாளியம்மா அதை மடியில் வாங்கி முகர்ந்து பார்த்து, தினமும் குளிப்பாட்டுகிறாயே, உனக்கு எவ்வளவு பொறுப்பு என்று பாராட்டினாள். அந்தப் பாராட்டுக்குப் பிறகு உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

வேஷம் நன்றாகவே பலித்தது. பஞ்சுவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தைகளை அம்மாக்கள் கையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். ஒரு தடவை இரண்டு பேர் உட்கார்ந்த மோட்டார் சைக்கிள் ஒன்று பக்கத்தில் வேகம் குறைந்து, நாயை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயே போய்விட்டது. திருடர்கள்தானா, வழி தேடியவர்களா, அவனுக்குத் தெரியாது. ஆனாலும் அன்று முழுக்க அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தான்.

பயம் விட்டதும் கூடவே கவனமும் விட்டுப்போனது. முன்பெல்லாம் டீக்கடைப் பக்கமே போகாதவன் இப்போது பெஞ்சில் உட்கார்ந்து ஆற அமரக் குடித்தான். கயிற்றைப் பெஞ்சுக் காலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இதை எவன் தூக்கப் போகிறான் என்ற தைரியத்தில் கடைக்காரரிடம் ஊர்க்கதை பேசினான். பஞ்சுவும் மெல்லக் கயிற்றை உருவிக்கொண்டு எதிர்ப்பக்கத்துத் தெருநாய்களிடம் போய் வாலாட்டப் பழகியது. கூப்பிட்டால் வந்துவிடும். நாயின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று நெட்டையன் விட்டுவிட்டான்.

அப்படி இருக்கையில்தான் ஒரு காலையில் நகராட்சி வண்டி வந்து நின்றது. தெருநாய்களைப் பிடித்துப்போய் ஊசி போடும் வண்டி. நெட்டையன் வண்டியைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே டீயை ஊதினான், திருடன் வண்டி எப்படி இருக்கும் என்று மட்டுமே யோசித்துப் பழகியவனுக்கு இதில் ஒன்றும் உறைக்கவில்லை. வலை விழுந்து, அதற்குள்ளிருந்து பஞ்சுவின் மெல்லிய குரல் கேட்டபோதுதான் கிளாஸைப் போட்டுவிட்டு ஓடினான். அதற்குள் கூண்டுக் கதவு சாத்தியாகிவிட்டது.

அது வீட்டு நாய், பங்களாவில் வளர்கிற நாய் என்று மூச்சிரைக்கச் சொன்னான். நாய் பிடிக்கிறவர் வயதானவர், கையில் கடி வாங்கிய தழும்புகள். கூண்டுக்குள் எட்டிப் பார்த்தார். செம்மண் நிறத்தில், திரிதிரியாகத் தொங்கும் முடியோடு, கழுத்தில் பிரிந்துபோன கயிற்றோடு ஒன்று அவரைப் பார்த்து வாலாட்டியது.

"வீட்டு நாய்னா கழுத்துல பட்டை எங்கப்பா?"

நெட்டையன் அவசரமாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டு, சிவப்புத் தோல் பட்டையையும் பளபளக்கும் சங்கிலியையும் எடுத்து நீட்டினான். நாய் பிடிக்கிறவர் பட்டையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பிறகு அவனை மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்த்தார்.

"நாய் கழுத்துல இருக்க வேண்டியது உன் பையில என்ன பண்ணுது?"

பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் வாய்விட்டுச் சொல்லப்போனால் அது எப்படிக் கேட்கும் என்று அப்போதுதான் அவனுக்கு முதல் தடவையாகத் தோன்றியது. பட்டையை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டான். சொந்தக்காரரை நாய்க் காப்பகத்துக்குக் கூட்டி வா என்று சொல்லிவிட்டு வண்டி கிளம்பிப் போனது. டீக்கடைக்காரர் உடைந்த கிளாஸைப் பொறுக்கிக்கொண்டே, இத்தனை நாளாக அதை நீ எடுத்து வளர்க்கிற தெருநாய் என்றல்லவா நினைத்தேன் என்றார்.

முதலாளியம்மாவிடம் பாதியைத்தான் சொன்னான். நகராட்சிக்காரர்கள் தவறுதலாகப் பிடித்துப்போய்விட்டார்கள் என்றான். மீதியை வழியில் சொல்லலாம் என்று நினைத்தான். அவள் செருப்பைக்கூட மாற்றாமல் காரை எடுத்தாள், அவனை முன்சீட்டில் உட்காரச் சொன்னாள். அந்தக் காரை அவன் எத்தனையோ தடவை கழுவியிருக்கிறான், உள்ளே உட்கார்ந்ததில்லை. முழங்கால் முன்பலகையில் இடித்தது. அவள் வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினாள். அழுகிறவளிடம் டீச் சக்கையைப் பற்றி எங்கே தொடங்குவது என்று அவன் யோசிப்பதற்குள் காப்பகம் வந்துவிட்டது.

காப்பகம் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகள், நடுவில் ஈரமான சிமெண்ட் நடை. நாய்களின் குரைப்பில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. காப்பாளர் இவர்களைக் கடைசிக் கூண்டுக்குக் கூட்டிப்போனார். நெட்டையனைக் கண்டதும் மூலையில் சுருண்டிருந்த பஞ்சு எழுந்து கம்பியில் மோதி மோதிக் குதித்தது. மூக்கை வெளியே நீட்டி அவன் விரல்களை நக்கியது.

முதலாளியம்மா அதைத் தாண்டி அடுத்த கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இதுதாம்மா."

அவள் திரும்பினாள். குனிந்து பார்த்தாள். இது இல்லை, என் நாய் வெள்ளை என்றாள். பஞ்சு அவளைப் பார்த்தும் குதித்தது. அவள் ஓர் அடி பின்வாங்கிக்கொண்டாள். நெட்டையனை ஒரு பார்வை பார்த்தாள். என் நாயை விற்றுவிட்டு ஏதோ ஒன்றைக் காட்டுகிறாயா என்று அந்தப் பார்வை கேட்டது. இத்தனை வருஷத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. கண்முன்னால் நிற்கும் நாயை அது அந்த நாய்தான் என்று எப்படி நிரூபிப்பது?

தண்ணீர் ஊற்றுங்கள் என்று காப்பாளரிடம் கெஞ்சினான். அவர் கூண்டு கழுவும் குழாயை இழுத்து வந்தார். பஞ்சுவைப் பிடித்துக்கொண்டு நெட்டையனே தேய்த்தான், எந்த இடத்தில் எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று அவன் கைக்குத் தெரியும். காவி நிறத் தண்ணீர் சிமெண்ட் தரையில் ஓடிச் சாக்கடையில் இறங்கியது. முதலில் காதுகள் வெளுத்தன, பிறகு கழுத்து, பிறகு முதுகு. குரைத்துக்கொண்டிருந்த நாய்கள்கூட கொஞ்சம் அடங்கியதுபோல் இருந்தது. முதலாளியம்மா "பஞ்சு" என்று ஈரத்தோடு அதை வாரி அணைத்துக்கொண்டாள், சேலை நனைவதைப் பார்க்கவில்லை. நெட்டையன் முட்டிபோட்டபடியே நிமிர்ந்து சிரித்தான். கண்டம் தாண்டிவிட்டது என்று நினைத்தான்.

காப்பாளர் குழாயை மூடிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முதலாளியம்மாவிடம் சாதாரணமாகத்தான் பேசினார். நாய் திருடுகிறவர்கள் செய்வது இதைத்தான் என்றார். சாயம் பூசுவார்கள், பட்டையைக் கழற்றிவிடுவார்கள், கயிறு கட்டி ஊரைத் தாண்டிக் கொண்டுபோய்விடுவார்கள். இப்படி எத்தனையோ வந்திருக்கிறது, உங்கள் நல்ல நேரம் எங்கள் வண்டி குறுக்கே வந்தது என்றார்.

முதலாளியம்மா நாயை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"எதுக்குப் பூசுன?"

"திருட்டுப் போயிடக் கூடாதுன்னுதாம்மா."

சொல்லிவிட்டு அவனே அதைக் காதால் கேட்டான். சத்தியமான உண்மை. ஆனால் அந்தக் கொட்டகையில், காவித் தண்ணீர் ஓடும் தரையில் முட்டிபோட்டுக்கொண்டு, பைக்குள் பட்டையை வைத்துக்கொண்டு சொன்னபோது, அவன் வாழ்க்கையில் சொன்ன மகா மட்டமான பொய் மாதிரி இருந்தது. இன்னொரு தடவை வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தான். இன்னும் மோசமாக வந்தது. தினமும் பூசுவேன் என்றான். தினமுமா என்று காப்பாளர் கேட்டார். அதனால்தான் தினமும் குளிப்பாட்டினாயா என்று முதலாளியம்மா கேட்டாள். ஆமாம் என்றான். எல்லாக் கேள்விக்கும் ஆமாம்தான் பதில், ஒவ்வோர் ஆமாமும் அவனை இன்னும் கொஞ்சம் திருடனாக்கியது. உண்மையிலேயே நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று அவனுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது.

அவள் போலீசுக்குப் போகவில்லை. அதை ஒரு தயவாகவே சொன்னாள். பட்டையைக் கையில் வாங்கிக்கொண்டாள், நாயை முன்சீட்டில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனாள். நெட்டையன் நடந்தே வீடு வந்து சேர்ந்தபோது மனைவி அறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஆனால் சமையல் வேலையிலிருந்து அவளை நிறுத்தவில்லை. அவள் கைப்பக்குவம் முதலாளியம்மாவுக்கு வேண்டியிருந்தது. அவன்மட்டும் வாசலுக்குள் கால் வைக்கக் கூடாது.

"நீங்க எதுக்குச் செஞ்சீங்கன்னு நான் சொன்னேன். அவங்க என்னைப் பாவமாப் பாத்தாங்க. உனக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னுட்டாங்க."

சொல்லிவிட்டு மனைவி பாத்திரங்களைச் சாக்கில் திணித்தாள். அவளுக்குக் கோபமா, வருத்தமா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. அவள் சம்பளம் ஒன்றை நம்பி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு அறை பிடித்தார்கள். தினமும் காலையில் அவளைத் தெருமுனை வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு அவன் தோட்ட வேலை தேடிப் போவான். அந்த வட்டாரத்தில் தோட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவன் கேட்டைத் தட்டுவதற்கு முன்பே உள்ளேயிருந்து ஆள் வேண்டாம் என்று குரல் வந்தது. ஒரு வீட்டுக் காவலாளிதான், தெரிந்த முகம், பரிதாபப்பட்டுத் தன் கைப்பேசியைக் காட்டினார். அங்கே குடியிருப்போர் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நெட்டையனின் படம் இருந்தது, செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது எப்போதோ எடுத்தது. நாய் வைத்திருப்பவர்கள் இந்த ஆளிடம் எச்சரிக்கையாக இருக்கவும் என்று கீழே எழுதியிருந்தது. படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் காலை மனைவியை விட்டுவிட்டு, பஸ்ஸுக்காகச் சாலையோரம் நின்றான். எதிர்ப்புறம் பஞ்சு வந்தது. வெள்ளை வெளேரென்று, கழுத்தில் சிவப்புத் தோல் பட்டைக்குப் பதிலாக, நாய் இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் காட்டிக்கொடுக்கும் கறுப்புப் பட்டை ஒன்று. நாய்களை நடக்கக் கூட்டிப்போகும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டை அணிந்த பெண் நீளமான நாடாவில் அதைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நெட்டையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் நாயின் மூக்கைத் திருப்ப முடியுமா? பஞ்சு ஒரே இழுப்பில் நாடாவை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சாலையைக் குறுக்கே தாண்டி ஓடிவந்தது. ஒரு வேன் கீச்சிட்டு நின்றது.

பஞ்சு அவன் கால்களில் விழுந்து புரண்டது, எழுந்து குதித்தது, முழங்காலை எட்ட முயன்றது. நெட்டையனின் கைகள் தாமாகவே கீழே இறங்கின. பாதியில் அவற்றை நிறுத்தினான். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டான்.

"வந்து புடிச்சுக்கோம்மா. நான் தொடல, வந்து புடிச்சுக்கோ."

அந்தப் பெண் அந்தப் பக்கத்திலேயே நின்றாள். படத்தை அவளுக்கும் காட்டியிருப்பார்கள்போல, அருகில் வரப் பயந்தாள். கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் கொஞ்சம் விலகி வட்டமாக நின்றார்கள். யாராவது பிடியுங்கள் என்று அவர்களையும் கேட்டான், ஒருவரும் அசையவில்லை. அவன் தன்னைத் தொடாததன் காரணம் பஞ்சுவுக்குப் புரியவில்லை. விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அவனைச் சுற்றி ஓடத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றும் சாலைக்குள் இன்னும் கொஞ்சம் நீண்டது. நாடா பின்னாலேயே புழுதியில் இழுபட்டது. தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.

நெட்டையன் கைகளை இறக்கவில்லை. நாடா பக்கத்தில் வந்த நேரம் பார்த்து அதன்மேல் செருப்புக்காலை வைத்து அழுத்தி மிதித்தான். பஞ்சு தடுக்கி நின்றது. லாரி தாண்டிப் போனது, அதன் காற்றில் நாயின் முடி சிலிர்த்தது. வட்டத்திலிருந்த ஒருவர் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்தார், அதைப் பார்த்து இன்னொருவரும் எடுத்தார். தெருவுக்குள்ளிருந்து முதலாளியம்மாவின் கார் வருவது தெரிந்தது. அவன் தோள்கள் வலிக்கத் தொடங்கியிருந்தன. காலை எடுத்தால் நாய் போய்விடும், கையை இறக்கினால் அவன் மறுபடி திருடனாகிப் போவான். இரண்டையும் இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு நின்றான். பஞ்சு அவன் பாதத்தின்மேல் தாடையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது.